வாடியிற் பற்றறியின் மின்னேற்றம் அறிதல்

கடற்கரையிலே மீனவர் தங்குதற்கும், வலை, பொறி முதலியவற்றை வைத்துக் காத்தற்கும் அமைக்கும் சிறு குடிலை ஈழத்துத் தமிழர் வாடி என்பர். மன்னார்த் தீவிலே ஓலைத்தொடுவாய் போன்ற கரையூர்களின் வாழ்க்கையில் வாடிக்கு உள்ள இடம் பெரிது. முன்னாளில் வாடியின் இருளை அகற்றியவை மண்ணெண்ணெய் விளக்கும் பெற்றோமக்ஸ் விளக்குமாம். இந்நாளில் அவற்றின் இடத்தைப் பற்றறியில் எரியும் சிறு மின்விளக்குப் பெரிதும் பிடித்துக்கொண்டது. இம்மாற்றத்தால் ஒளி மிகுந்தது. புகையும் தீப்பயமும் குறைந்தன. ஆயின், ஒரு வசதி மறைந்தது. மண்ணெண்ணெய் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை விளக்கைத் தூக்கி ஆட்டிப் பார்த்துச் சிறுவனும் கூறிவிடுவான். பற்றறியைத் தூக்கினும் ஆட்டினும் அதனுள் எஞ்சியுள்ள மின்னைப் பற்றி அது யாதும் கூறாது. நிறைந்த பற்றறியும் வறண்ட பற்றறியும் தோற்றத்தால் ஒன்றே. ஆதலால், காண முடியாத ஒன்றைக் கருவியாலும் கணக்காலும் உய்த்துணரும் அறிவு வாடிக்கு வேண்டியதாயிற்று. அவ்வறிவின் இயல்பை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இது விளக்கொன்றைப் பற்றிய சிறு செய்தி மட்டுமன்று. கண்ணாடியிழைப் படகுகளிற் பூட்டும் புறப்பொறிகளுள் பலவற்றைக் கயிற்றால் இழுத்தே இயக்குவர். அவற்றில் ஓடும்போதே பற்றறிக்கு மின்னூட்டும் அமைப்பு இல்லை. எனவே, பகலில் வாடியிலே மின்னேற்றிய பற்றறியே இரவில் படகேறிக் கடலுக்குச் செல்கின்றது. படகின் விளக்கு, செய்மதி வழியாக இடங்காட்டும் ஜீ.பீ.எஸ். கருவி, வானொலித் தொடர்புக் கருவி ஆகிய மூன்றும் அதனையே நம்பியுள்ளன. மன்னார்த் தீவின் ஒருபுறம் பாக்குக் குடாவும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் உள்ளன. இவ்விரு நீர்ப்பரப்புகளிலும் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையேயுள்ள எல்லையை 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வரையறுத்தன. அவ்வெல்லை நீரிலே வரைந்த கோடன்று. கருவியின் திரையிலே மட்டும் காணப்படுவது. நள்ளிரவிற் பற்றறி ஓய்ந்துவிடின், படகிலுள்ளோர் தம் இடத்தையும் அறியார். பிறருக்குத் தம்மைக் காட்டவும் இயலார். உதவி கோரவும் இயலார். ஒரு பற்றறியின் மின்னேற்றத்தைத் தவறாக மதித்தமையால் விளையும் கேடு இத்துணைப் பெரிது.

இத்தகைய தேவை வெப்பநாட்டுக் கடற்கரைக்கு மாத்திரம் உரியதன்று. கனடா, பின்லாந்து, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் ஆகியவற்றில் மாரிகாலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். மக்கள் அப்பனிக்கட்டியின்மேற் சிறு குடில் அமைத்து, கட்டியிலே துளையிட்டு, அதனூடே தூண்டிலிட்டு மீன் பிடிப்பர். அக்குடிலிலும் விளக்குக்கும் மீன் இருக்குமிடத்தை ஒலியலையால் அறியும் கருவிக்கும் பற்றறியே துணை. அங்குப் பகை குளிர். இங்குப் பகை வெப்பம். குளிரில் பற்றறியினுள் இரசாயனத் தாக்கம் மந்தமாகின்றது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை சென்ரிகிரேட்டை அடையும்போது, ஈயப் பற்றறி தன் கொள்ளளவில் ஏறக்குறையப் பாதியையே தரும். அன்றியும், நன்கு மின்னேறிய பற்றறியின் அமிலம் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையிலும் உறையாது. மின்னிழந்த பற்றறியின் நீர்த்த அமிலமோ பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையை அண்மியவுடன் உறையத் தொடங்கிக் கலத்தைப் பிளந்துவிடக்கூடும். மன்னாரில் உறைதற்கு இடமில்லை. எனினும், வெப்பம் பற்றறியின் ஆயுளை மறைவாக அரித்துவிடுகின்றது. ஏறத்தாழ 10 பாகை வெப்பநிலை உயர்வு ஈயப் பற்றறியின் ஆயுளைப் பாதியாக்கும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொதுவிதி. பனிக்குடிலில் பற்றறி இன்று குறைவாகத் தரும். வாடியிலோ இன்று நிறையத் தந்து விரைவில் மாளும்.

மின்னேற்றத்தை அறியும் முறைகளை விளங்கிக்கொள்ளுதற்குப் பற்றறியின் அமைப்பை அறிதல் வேண்டும். 1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வொல்ற்றா தம் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தார். அது மின்னைத் தந்து தீர்ந்தபின் மீண்டும் நிரப்புதற்கு உரியதன்று. 1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான கஸ்தோன் பிளாந்தே, ஈயத் தகடுகளைச் சல்பூரிக்கமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை ஆக்கினார். 1881ஆம் ஆண்டில் கமில் போர் என்பார் தகடுகளின்மேல் ஈயச் சேர்வையைக் களியாகப் பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. நேர்த் தகட்டில் ஈயவீரொட்சைட்டும் எதிர்த் தகட்டில் ஈயமும் உள்ளன. மின்னைத் தரும்போது இரண்டும் அமிலத்தோடு தாக்கமுற்று ஈயச் சல்பேற்றாக மாறும். அமிலம் குறைந்து நீர் பெருகும். மின்னேற்றும்போது இம்மாற்றம் எதிர்த்திசையில் நிகழும். ஒவ்வொரு கலமும் 2 உவோற்றுக்குச் சிறிது மேற்பட்ட அழுத்தத்தைத் தரும். ஆறு கலங்கள் தொடராக இணைந்து 12 உவோற்றுப் பற்றறியாகின்றன.

இவ்விளக்கத்திலிருந்து ஒரு முக்கிய உண்மை பெறப்படும். மின்னை இழக்கும்போது அமிலமும் குறைகின்றது. எனவே, அமிலத்தின் செறிவை அளந்தால் எஞ்சிய மின்னேற்றம் தெரியும். இதுவே மிகப் பழையதும் மிக நம்பத்தக்கதுமான முறை. கண்ணாடிக் குழாயினுள் மிதக்கும் நீர்மானியால் அமிலத்தைச் சிறிது உறிஞ்சி எடுத்து, மிதவை நிற்கும் அளவைப் படித்துத் தன்னீர்ப்பை அறிவர். வழக்கமான பற்றறியில் நிறை மின்னேற்றத்தின்போது தன்னீர்ப்பு 1.265 அளவில் இருக்கும். முக்கால் பங்கு எஞ்சியிருப்பின் 1.225, பாதி எனின் 1.190, கால் எனின் 1.155, முற்றும் இழந்த நிலையில் 1.120. நீர்மானி ஆறு கலங்களையும் தனித்தனியே சோதிக்க உதவும் என்பது அதன் தனிச்சிறப்பு. ஐந்து கலங்கள் 1.250 காட்ட, ஒன்று மாத்திரம் 1.170 காட்டின், அப்பற்றறியின் முடிவு அவ்வொரு கலத்திலே தொடங்கிவிட்டது என்க. உவோற்றுமானி இதனை எளிதிற் காட்டாது.

நீர்மானியும் தவறான செய்தி தரும் வேளைகள் உண்டு. நீர் ஊற்றியவுடன் அளப்பின், மேலே நிற்கும் நீரே குழாயினுட் புகும். அமிலத்தோடு அது கலந்தபின்னரே அளத்தல் வேண்டும். வெப்பநிலை உயருந்தோறும் திரவம் விரிந்து தன்னீர்ப்புக் குறையும்; ஒவ்வொரு பாகைக்கும் 0.0007 அளவில் திருத்தம் செய்தல் முறை. மூடி முத்திரையிட்ட பற்றறிகளில் நீர்மானியைச் செலுத்துதற்கே வழியில்லை.

இரண்டாவது முறை உவோற்றுமானியால் அழுத்தத்தை அளத்தல். மலிவும் எளிமையும் உடைமையால் இதுவே பெருவழக்காயிற்று. ஓய்விலிருக்கும் ஈயக் கலமொன்றின் அழுத்தம், அதன் அமிலத் தன்னீர்ப்போடு 0.84ஐக் கூட்டிய அளவாகும் என்பது பயனுள்ள ஒரு விதி. இதன்படி 1.265 தன்னீர்ப்புள்ள கலத்தின் அழுத்தம் 2.105 உவோற்று, ஆறு கலங்களுக்கு ஏறக்குறைய 12.6. பாதி மின்னேற்றத்தில் 12.2, முற்றும் இழந்த நிலையில் 11.8. முழுமைக்கும் வெறுமைக்கும் இடையே முக்கால் உவோற்றுக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடே உண்டு என்பதை நோக்குக. ஊசி மயிரளவு அசையும் பழைய வகை மானியால் இவ்வேறுபாட்டைப் பகுத்தறிதல் அரிது. தசமதானம் இரண்டைக் காட்டும் எண்மானியே இதற்கு ஏற்றது.

வெப்பநாட்டார் மனங்கொள்ள வேண்டிய நுட்பமொன்று ஈண்டு உண்டு. வெப்பத்தில் தகடுகள் விரைந்து அரிபடாதிருத்தற்பொருட்டு, இந்நாடுகளுக்கான பற்றறிகளுட் சிலவற்றில் 1.240 அளவான மென்மையான அமிலத்தையே ஊற்றுவர். மேற்கூறிய விதியின்படி அத்தகைய பற்றறி நிறைந்த நிலையிலும் 12.5 உவோற்றையே காட்டும். குளிர்நாட்டுப் புத்தகத்திலுள்ள அட்டவணையை நம்புவோன் அதனைக் குறைந்த பற்றறி என எண்ணி மேலும் மேலும் மின்னேற்றி நீரை வற்றச் செய்வான். ஆதலின், பற்றறி புதியதாயிருக்கும்போதே அதனை முற்ற மின்னேற்றி, ஓய்வின்பின் அளந்து, அவ்வளவை அப்பற்றறியின் முழுமையெனக் குறித்துவைத்தல் அறிவுடைமை.

உவோற்றுமானியின் பெருங்குறை யாதெனில், அது காட்டும் அளவு பற்றறி செய்யும் தொழிலுக்கேற்ப மாறுதலாம். விளக்கெரியும்போது அளப்பின் உண்மையினுங் குறைவாகக் காட்டும். மின்னேற்றும்போது அளப்பின் 13, 14 எனப் பெருக்கிக் காட்டும். சூரிய மின்தகட்டிலிருந்து விடுவித்த உடனேயும் தகடுகளின் மேற்பரப்பிற் படிந்த மின்னேற்றத்தால் 12.8க்கு மேற் காட்டும். அதனைக் கண்டோர் பற்றறி நிறைந்துவிட்டது என மகிழ்வர். ஒரு மணி நேரம் விளக்கெரிந்தால் அப்பொய்ம்மை கலையும். எனவே, எல்லா இணைப்புகளையும் நீக்கி, ஓரிரு மணி நேரமாவது ஓய்வளித்தபின் எடுத்த அளவே மெய்யளவாகும்; நான்கு மணி நேரமாயின் மேலும் நன்று. மற்றும், உப்புக்காற்றால் முனைகளிற் பசுங்களிம்பு படர்ந்திருப்பின், விளக்கின் அருகே அளக்கும் அழுத்தம் பற்றறியின் அழுத்தத்தினும் குறைந்திருக்கும். பற்றறி நலமாயிருக்க, களிம்பேறிய இணைப்பால் விளக்கு மங்குதலும் உண்டு. ஆதலால், பற்றறியின் முனைகளிலேயே அளத்தல் வேண்டும்.

மூன்றாவது முறை வரவுசெலவுக் கணக்கு. பற்றறியிலிருந்து சென்ற ஓட்டத்தையும் அதனுட் புகுந்த ஓட்டத்தையும் நேரத்தோடு பெருக்கி, அம்பியர் மணிகளாகக் கணக்கிடுதலே இதுவாம். சிறு தடையொன்றினூடே ஓட்டத்தைச் செலுத்தி இக்கணக்கைத் தானே செய்யும் கருவிகள் இன்று கிடைக்கின்றன. அவை எஞ்சிய மின்னை நூற்றுவீதமாகவே திரையிற் காட்டும். ஆயின், சிறு பிழைகள் நாடோறும் சேர்ந்து பெரும்பிழையாகும். பற்றறி முற்ற நிறைந்த நாளிலே கருவியை மீண்டும் நூறு எனத் திருத்தாவிடின், அது காட்டும் எண் பழங்கணக்காகவே முடியும். அன்றியும், 60 அம்பியர் மணி எனப் பற்றறியிற் பொறித்திருப்பது பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுக்குங்கால் கிடைக்கும் அளவாகும். ஓட்டம் மிகுந்தால் கொள்ளளவு சுருங்கும் என்பதை 1897ஆம் ஆண்டிலேயே செருமானியரான போய்க்கேட் காட்டினார். 3 அம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் பற்றறி, 12 அம்பியர் வீதம் 5 மணி நேரம் தாராது.

கருவியில்லாதார்க்கும் இக்கணக்குக் கைகூடும். எடுத்துக்காட்டாக, 60 அம்பியர் மணிப் பற்றறியொன்றைக் கொள்வோம். இரவு பத்து மணி நேரம் 12 உவாற்று விளக்கெரிந்தால் 10 அம்பியர் மணி செலவாகும். அரை அம்பியர் கொள்ளும் இடங்காட்டிக்கு 5. வானொலிக் கருவி கேட்கும் நிலையில் 0.4 அம்பியர் கொள்ளுமாயின் 4. பேசும் நிலையில் 5 அம்பியர் கொள்ளும் அது மொத்தம் 12 நிமிடம் பேசுமாயின் 1. ஆகமொத்தம் ஓரிரவுச் செலவு 20 அம்பியர் மணி. மறுநாட் பகலில் 100 உவாற்றுச் சூரிய மின்தகடு, தூசும் உப்பும் வெப்பமும் குறைத்ததுபோக, 20 அம்பியர் மணியைத் தருவதாகக் கொள்வோம். செலவும் 20, வரவும் 20 எனக் கணக்குச் சரியாயிற்று எனப் பலரும் கருதுவர். பிழை இங்கேதான் உள்ளது. ஊட்டிய மின் முழுவதும் சேமிப்பாவதில்லை. 20ஐ மீண்டும் பெறுதற்கு ஏறக்குறைய 23 ஊட்டல் வேண்டும். எனவே 20 ஊட்டியவிடத்துச் சேர்வது 17.4 மட்டுமே. நாளொன்றுக்கு 2.6 கடனாக நிற்கின்றது.

இக்கடன் எவ்வாறு பெருகும் எனக் காண்க. முதல் மாலையில் 60 இருந்த பற்றறியில் ஐந்தாம் மாலையில் 49.6 இருக்கும், மறுநாள் விடியலில் 29.6, அஃதாவது பாதிக்கும் கீழ். பத்தாம் இரவின் விடியலில் 16.6. பதினாறாம் இரவின் விடியலில் எஞ்சுவது 1 அம்பியர் மணி. பதினேழாம் இரவில் விடியுமுன்னரே விளக்கும் இடங்காட்டியும் அணையும். மெய்யான பற்றறி இக்கணக்கை அடியொற்றியே நடவாதெனினும், போகும் திசை இதுவே. வியத்தற்குரியது யாதெனில், இப்பதினேழு மாலைகளிலும் மின்தகட்டோடு இணைந்த நிலையில் அளந்தவர் 13 உவோற்றுக்கு மேற்பட்ட எண்ணையே கண்டிருப்பர். மாலை அளவு மகிழ்ச்சி தந்தது. விடியல் அளவை எவரும் எடுத்திலர். பற்றறி திடீரெனச் செத்தது என்று கூறுவர். உண்மையில் அது பதினாறு நாளாகத் தன் குறையைக் கூறிவந்தது, கேட்பார் இல்லை.

பாதிக்குக் கீழே இறங்குதலைத் தவிர்த்தல் வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. மின்னிழந்த நிலையில் நெடுநாள் விடப்படும் தகடுகளில் ஈயச் சல்பேற்று வன்பளிங்காக இறுகும். பின்னர் எவ்வளவு மின்னூட்டினும் அது முழுதாகக் கரையாது. மோட்டர் வண்டிக்கெனச் செய்த பற்றறி பொறியைத் தொடக்குதற்கு ஒரு கணம் பேரோட்டம் தருமாறு மெல்லிய தகடுகளால் ஆயது. இரவு முழுதும் மெல்லத் தந்து ஆழ இறங்கும் தொழிலுக்கு அது ஏற்றதன்று. விலை நோக்கி அதனை வாங்குவோர் விரைவில் மீண்டும் வாங்க நேரும்.

மன்னாரின் காலநிலை இக்கணக்கிற் பெரும்பங்கு கொள்கின்றது. இத்தீவு இலங்கையின் வறண்ட வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டின் பெரும்பகுதியில் வெயிலுக்குக் குறைவில்லை. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மணற்றூளும் உப்பும் மின்தகட்டிற் படியும். நன்னீரால் நனைத்த துணியாற் காலையில் துடைத்தல் வரவைப் பெருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மாரியில் வானம் மூடியிருக்கும் நாள்களில் வரவு பாதியாகவும் அதனினும் குறையவும் கூடும்; அப்போது செலவைக் குறைத்தலன்றி வேறு வழியில்லை. 2020ஆம் ஆண்டு திசெம்பரில் இத்தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகளோடு, 103.5 மெகாவாற்று ஆற்றலுடைய தம்பபவனி மின்நிலையம் தொடங்கப்பட்டது. அம்மாபெரும் சுழலிகள் வானிற் சுழன்றாலும், மின்கம்பி எட்டாத வாடிக்கும் கடலிற் செல்லும் படகுக்கும் 60 அம்பியர் மணிப் பற்றறியே இன்றும் மின்நிலையம்.

பாதுகாப்புப் பற்றியும் சில கூறுதல் தகும். மின்னேற்றம் முடிவுறும் நிலையில் கலத்திலுள்ள நீர் பகுபட்டு ஐதரசனும் ஒட்சிசனும் வெளிப்படும். வளியில் ஐதரசன் நூற்றுக்கு நான்கு பங்கை எய்தின் தீப்பற்றும் இயல்புடையது. கிடுகு வேய்ந்த கூரையினூடே அது எளிதில் வெளியேறும். தகரத்தாலும் பொலித்தீன் விரிப்பாலும் இறுக மூடிய வாடியிலோ கூரையின்கீழ்த் தங்கும். அவ்விடத்தில் அடுப்பு மூட்டுதலும் புகைத்தலும் பேராபத்து. வெப்பத்தில் நீர் விரைந்து வற்றுமாதலால் மாதந்தோறும் கலங்களைத் திறந்து பார்த்து, காய்ச்சிவடித்த நீரையே ஊற்றுதல் வேண்டும். கரையோரக் கிணற்று நீரிலுள்ள உப்பு தகடுகளை அழிக்கும். பற்றறியை வெயில் படாத நிழலில், மணலுக்குச் சற்று உயரமான பலகையின்மேல் வைத்தல் நன்று.

இந்நாளில் இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றறிகளும் மீனவர் கைக்கு வரத் தொடங்கியுள்ளன. அவை எடை குறைந்தவை. ஆழ இறங்கினும் எளிதிற் கெடா. ஆயின், அவற்றின் அழுத்தம் நிறைநிலையை அடுத்ததிலிருந்து வறள்நிலை வரையிற் பெரும்பாலும் மாறாது ஒரே மட்டத்தில் நின்று, இறுதியில் திடீரென வீழும். எனவே உவோற்றுமானி அவற்றுக்குப் பயன்படாது. அம்பியர் மணிக் கணக்கே வேண்டும். உறைநிலைக்குக் கீழே அவற்றுக்கு மின்னூட்டலாகாது என்னும் விதி பனிக்குடிலாரைக் கட்டுப்படுத்துவது; மன்னார் மீனவர்க்கு அத்தடை இல்லை. ஈயப் பற்றறியிற் பழகிய கண்ணோடு புதியதை நோக்கின் ஏமாற்றமே மிஞ்சும் என்பதை இருசாராரும் உணர்தல் வேண்டும்.

மேற்கூறியவற்றின் சாரம் வாடியில் நாடோறும் செய்தற்குரிய ஓர் எளிய ஒழுங்காக அமையும். கரை திரும்பியதும் பற்றறியின் இணைப்புகளை எல்லாம் நீக்கி, மின்தகட்டோடு பூட்டாமல், ஓய்வளித்தல். ஓய்வின்பின் முனைகளில் அழுத்தத்தை அளத்தல். அவ்வெண்ணைத் தேதியோடு கொப்பியொன்றிற் குறித்தல். அதன்பின்னரே மின்னேற்றத் தொடங்குதல். மாதம் ஒருமுறை ஆறு கலங்களையும் நீர்மானியாற் சோதித்தல். தனியோர் எண் பெரிதும் உதவாது. எண்களின் வரிசையே உண்மையைப் புலப்படுத்தும். 12.4, 12.35, 12.3 என நாடோறும் சரியும் வரிசையைக் காண்போன், பதினேழாம் இரவு வருமுன்னரே செலவைச் சுருக்குவான். அல்லது ஒருநாள் கடலுக்குச் செல்லாது பற்றறியை முற்ற நிரப்புவான். ஒருநாட் பிடிப்பை இழத்தல் இழப்பே. ஆயினும் அது ஈடுசெய்யத்தக்க இழப்பு.

கடலோடி வாழும் மக்கள் காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் கண்டு நாளையை அறிந்துவந்தவர்கள். பற்றறியை அறிதலும் அவ்வறிவின் தொடர்ச்சியேயாம். உழைக்கும்போது அது தன் தளர்ச்சியைப் பெருக்கிக் காட்டும். ஊட்டும்போது தன் வலிமையைப் பெருக்கிக் காட்டும். ஓய்வில் மாத்திரமே உள்ளதை உள்ளவாறு கூறும். அவ்வோய்வு வேளையில் அதனைக் கேட்டு, கேட்டதை எழுதிவைக்கும் வாடியில், நள்ளிரவில் விளக்கு அணைதல் அரிது.